ஓபியாய்டு அடிமைத்தனம் எங்கள் மரபணுவில் இருக்கிறதா? ஒரு வாசகிக்குப் பதில்

33 வயதான வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். அவருடைய தந்தை குடிக்கு அடிமையாகி, கல்லீரல் கெட்டு இறந்தவர். தம்பிக்கு விபத்தில் தொடை எலும்பு முறிந்தபோது வலிக்காக டிரமடால் மாத்திரைகள் தரப்பட்டன. எலும்பு கூடிய பிறகும் அவற்றை விட முடியாமல் தொடர்ந்த அவர், பின்னர் ஹெராயின்வரை போய், இப்போது ஓராண்டுக்கும் மேலாக, போதையிலிருந்து மீள உதவும் மருந்தான புப்ரெனார்ஃபின் சிகிச்சையில் நிலையாக இருக்கிறார், வேலைக்கும் செல்கிறார். வாசகிக்கு அடுத்த மாதம் முழங்கால் ஜவ்வு கிழிசலுக்கு அறுவைசிகிச்சை. வலிக்கு ஓபியாய்டு (மார்பின், டிரமடால் போன்ற, அபினி வகை வலிநிவாரணி) மருந்து கொடுத்தால் தம்பிக்கு நேர்ந்தது தனக்கும் நேர்ந்துவிடும் என்று அஞ்சி, ஒரு மாத்திரைகூட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட நினைக்கிறார். இதில் 50 சதவீதம் மரபணு என்று படித்ததால் தனக்கு வருவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று கணக்கிட்டிருக்கிறார். உமிழ்நீரை அனுப்பினால் 'அடிமையாகும் மரபணு' உண்டா இல்லையா என்று சொல்லிவிடும் சோதனை ஒன்றைத் தனக்கும், தம்பிக்குத் தெரியாமல் அவருடைய மாதிரியை எடுத்து அவருக்கும் செய்து பார்க்கலாமா என்று கேட்கிறார். பல் பிடுங்கியபோது கொடுத்த கோடீன் என்ற ஓபியாய்டு மாத்திரை தனக்கு வேலையே செய்யவில்லை, அது நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்பது இன்னொரு கேள்வி. பதற்றத்துக்காக இரண்டு ஆண்டுகளாகப் பராக்ஸெடின் சாப்பிடுவதையும் ஓரிடத்தில் குறிப்பிடுகிறார். குழந்தை பெற்றுக்கொள்வது பற்றிய தயக்கமும் இருக்கிறது. கடைசி வரியில், "மரபணுவில் இருப்பதை மாத்திரையால் மாற்ற முடியாது என்று சொல்லி, அம்மா தம்பியின் புப்ரெனார்ஃபினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுக்கிறார், இது சரிதானே?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மற்றக் கேள்விகளுக்கு ஒரு மாதம் அவகாசம் இருக்கிறது. இதற்கு இல்லை.

தம்பியின் மருந்தைக் குறைக்காதீர்கள்

உங்கள் தாயார் நல்லெண்ணத்தோடு செய்வதில் ஐயமில்லை. ஆனால் அது உங்கள் தம்பியின் உயிருக்கு ஆபத்தானது. புப்ரெனார்ஃபினும் ஓபியாய்டு வகையைச் சேர்ந்த மருந்துதான். அதனால்தான் "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை" என்ற எண்ணம் பல வீடுகளில் எழுகிறது. ஹெராயின் மூளையிலுள்ள மியூ ஓபியாய்டு ஏற்பியை (இவ்வகை மருந்துகள் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் புரதத்தை) முழு வேகத்தில் தூண்டிவிட்டுச் சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. அந்த ஏற்றமும் இறக்கமும்தான் ஒருவரை நாள் முழுவதும் அடுத்த வேளையைத் தேடி அலையவைக்கின்றன. புப்ரெனார்ஃபின் அதே ஏற்பியில் இறுகப் பற்றிக்கொண்டு, ஓரளவுக்கு மட்டும் தூண்டி, நீண்ட நேரம் அங்கேயே இருக்கிறது. மூச்சை அடக்கும் அதன் தன்மைக்கும் ஓர் எல்லை உண்டு. அளவைக் கூட்டினாலும் அந்த எல்லைக்கு மேல் அது பெரிதாக ஏறுவதில்லை. அந்த மாத்திரையை நிறுத்தினால் உடலில் விலகல் அறிகுறிகள் வரும் என்பது உண்மை. ஆனால் உடல் ஒரு மருந்துக்குப் பழகியிருப்பதும், அந்த மருந்துக்காக வேலை, உறவு, நேர்மை எல்லாவற்றையும் பணயம் வைக்கும் அடிமைத்தனமும் ஒன்றல்ல. தம்பி வேலைக்குப் போகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சை பலன் தருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை எந்த ஆய்வகமும் தர முடியாது.

புப்ரெனார்ஃபின் அல்லது அதே நோக்கத்துக்காகத் தரப்படும் மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் இறப்பு விகிதம், சிகிச்சைக்கு வெளியே இருக்கும் காலத்தைவிடப் பாதிக்கும் குறைவு என்பதைப் பல நாடுகளின் தரவுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார அமைப்பு இவ்விரண்டையும் 2005-லேயே இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மருந்து நின்ற முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை: ஏக்கம் திரும்பிவிடும், ஆனால் பழைய அளவைத் தாங்கும் திறன் உடலில் குறைந்திருக்கும், முன்பு வழக்கமாக எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். ஆகவே இன்றே தாயாரிடம் பேசி முழு அளவை மீண்டும் கொடுக்கச் செய்யுங்கள். எத்தனை நாட்கள், எவ்வளவு குறைந்தது என்பதைத் தம்பியின் சிகிச்சை மையத்துக்குத் தெரிவியுங்கள், தம்பியிடமும் ஒளிக்காதீர்கள். இடையில் அவர் வேறெதையாவது பயன்படுத்தியிருந்தால் முழு அளவைத் தொடங்குவதற்கு முன்பே மையத்தைக் கேட்க வேண்டும். அளவு மீறி மயங்கும் நிலையில் மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் நாலாக்ஸோன் உங்கள் ஊரில் கிடைக்குமா, அதை வீட்டில் வைத்திருக்க முடியுமா என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதி மரபணு என்பது பாதி வாய்ப்பு அல்ல

நீங்கள் படித்த 50 சதவீதம் பொய்யல்ல. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரையும் வெவ்வேறு கருவிலிருந்து பிறந்த இரட்டையரையும் ஒப்பிட்ட ஆய்வுகள், ஓபியாய்டு சார்பின் மரபுவழிப் பங்கை ஏறத்தாழப் பாதி என்று மதிப்பிட்டுள்ளன. ஆய்வுக்கு ஆய்வு அது கூடியும் குறைந்தும் வருகிறது. ஆனால் அந்த எண் தனி மனிதரைப் பற்றியது அல்ல. ஒரு மக்கள்தொகையில் சிலருக்கு இந்தச் சிக்கல் வருகிறது, பலருக்கு வருவதில்லை என்ற வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாடுகளோடு சேர்ந்து போகிறது என்பதையே அது சொல்கிறது. "தம்பியின் அடிமைத்தனத்தில் பாதி மரபணுவால் வந்தது" என்றோ, "எனக்கு வர 50 சதவீத வாய்ப்பு" என்றோ அதற்குப் பொருள் கொள்ள முடியாது. அக்கா, தம்பி போன்ற நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்குப் போதைப் பொருள் சிக்கல் இருந்தால் மற்றவருக்கு அது பொதுவான அளவைவிடப் பல மடங்கு கூடுதலாகக் காணப்படுகிறது என்பது மெய். எனினும் மருத்துவர் கண்காணிப்பில் சில நாட்கள் மருந்து சாப்பிட்டு நிறுத்துவோரில் இந்த நோய்க்கு ஆளாவோர் சிறு பகுதியினரே. சிறிய எண் சில மடங்கானாலும் அது விதியாகிவிடாது.

தந்தையின் குடியையும் நீங்கள் குறிப்பிட்டது நல்லது. பலர் அதை வேறு கணக்கில் வைத்துவிடுகிறார்கள். மது, புகையிலை, ஓபியாய்டு ஆகியவற்றுக்கான மரபு வழி நாட்டங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உந்துதலை அடக்கும் திறன், பதற்றம், மனச்சோர்வு, புதியதைத் தேடும் குணம் போன்றவற்றைத் தொடும் நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவில் பங்களிப்பதால்தான், ஒரே குடும்பத்தில் தந்தைக்கு மதுவாகவும் மகனுக்கு மாத்திரையாகவும் அது வெளிப்படுகிறது.

'அடிமையாகும் மரபணு' என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால், பலரும் சுட்டுவது ஓபிஆர்எம்1. மேலே சொன்ன மியூ ஏற்பியை உருவாக்கும் குறிப்பு இந்த மரபணுவில்தான் உள்ளது. 1996-இல் இந்த ஏற்பியே இல்லாமல் எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது, மார்பின் அவற்றுக்கு வலியையும் குறைக்கவில்லை, இன்பத்தையும் தரவில்லை, நிறுத்தியபோது விலகல் அறிகுறியும் வரவில்லை. வலி நீக்குவதும் அடிமையாக்குவதும் ஒரே வாசல் வழியாக நடக்கின்றன என்பது அப்போது தெளிவானது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் களையும் மருந்து கிடைப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதும் அதனால் புரிகிறது. இந்த மரபணுவின் 118-ஆம் இடத்தில் சிலருக்கு ஏ என்ற டிஎன்ஏ எழுத்தும் சிலருக்கு ஜி என்ற எழுத்தும் இருக்கும். அதனால் ஏற்பியின் 40-ஆவது அமினோ அமிலம் மாறுகிறது. சில நூறு பேரை வைத்துச் செய்த தொடக்ககால ஆய்வுகள் சில ஜி-தான் ஆபத்து என்றன, சில எந்தத் தொடர்பும் இல்லை என்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை அலசி 2020-இல் வெளியான ஆய்வில், ஐரோப்பிய வம்சாவளியினரிடம் ஏ-தான் சற்றே கூடுதல் ஆபத்தோடு சேர்ந்திருப்பதாகத் தெரிந்தது. திசையே மாறிவிட்டது என்பதைக் கவனியுங்கள். அந்தக் கூடுதல் ஆபத்தும் சில சதவீதம்தான். உலகில் பெரும்பாலானோரிடம் குறைந்தது ஒரு பிரதியாவது இருக்கும் எழுத்து அந்த ஏ. அதை 'அடிமை மரபணு' என்று அழைத்தால் ஏறத்தாழ எல்லோரையும் அப்படி அழைக்க வேண்டிவரும். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய 2022-இன் ஆய்வு, தொடர்புடைய மரபணு இடங்கள் பத்துக்கும் மேல் இருப்பதாகக் காட்டியது. இன்னும் பெரிய ஆய்வுகள் வரவர இந்தப் பட்டியல் நீளும். ஒவ்வொன்றின் பங்கும் சிறிதாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

மரபணு ஒன்றாகவே இருக்க, சூழல் மட்டும் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாறு நமக்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்திருக்கிறது. வியட்நாம் போரிலிருந்து 1971-இல் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே இருந்தபோது ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டதாக ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் சொன்னார். ஆனால் அப்படி அடிமையானவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் 5 சதவீத அளவுக்கே இருந்தார்கள். கையெட்டும் தூரத்தில் மலிவாகக் கிடைத்த ஹெராயின், போர்க்களத்தின் அச்சம், சலிப்பு ஆகியவை நீங்கியதும் பெரும்பாலோர் விடுபட்டார்கள். எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது. உங்கள் தம்பி தன் வீட்டிலேயே, தன் சூழலிலேயே இருந்தபடி மீள வேண்டியவர், அது கடினம். இருந்தாலும் "ரத்தத்தில் இருக்கிறது, மாற்ற முடியாது" என்ற தாயாரின் வாதத்துக்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

உமிழ்நீர்ச் சோதனை

என் கருத்தைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்: செய்ய வேண்டாம்.

இத்தகைய சோதனை ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023 டிசம்பரில் அனுமதி அளித்தது உண்மைதான். அது 15 மரபணு இடங்களைப் பார்க்கிறது. 2022 அக்டோபரில் அந்த நிர்வாகத்தின் சொந்த ஆலோசனைக் குழுவே, இதனால் வரும் நன்மை ஆபத்தைவிடக் கூடுதல் அல்ல என்று 11-க்கு 2 என்ற கணக்கில் வாக்களித்திருந்தது. அனுமதியும் நிபந்தனைகளோடுதான் வந்தது: 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும், குறுகியகால வலிக்காக வாய்வழி ஓபியாய்டை முதன்முறையாகத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டும். நீங்கள் ஏற்கெனவே கோடீன் எடுத்தவர். அந்தச் சோதனையே உங்களுக்கானது அல்ல, இணையத்தில் பணம் கட்டி வாங்கும் பெட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2025-இல் வெளியான ஆய்வு, அதே 15 இடங்களை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் வைத்துப் பார்த்தது. நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதைவிட அவை சொல்லத்தக்க அளவில் மேலானவையாக இல்லை.

இன்னும் நல்ல சோதனை வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். நோய் வரப்போகிறவர்களில் 80 சதவீதத்தினரைச் சரியாகப் பிடிக்கிறது, வரப்போகாதவர்களில் 80 சதவீதத்தினரைச் சரியாக விடுவிக்கிறது என்று கொள்வோம். ஆயிரம் பேரில் 50 பேருக்கு நோய் வரும் என்றால், அவர்களில் 40 பேரை அது சுட்டிக்காட்டும். மீதி 950 பேரில் 190 பேரையும் தவறாகச் சுட்டிக்காட்டும். ஆக, 'ஆபத்து உண்டு' என்ற சீட்டு கிடைக்கும் 230 பேரில் உண்மையில் நோய் வருவது 40 பேருக்கு. மற்ற 190 பேரும் தேவையான வலி நிவாரணம் மறுக்கப்பட்டு, மருத்துவக் குறிப்பில் ஒரு முத்திரையோடு வாழ வேண்டியிருக்கும். இதைவிட எனக்கு அச்சம் தருவது எதிர்ப்பக்கம். 'உங்களிடம் அந்த மரபணு இல்லை' என்ற தாள் கையில் வந்ததும், உங்களைப் போன்ற எச்சரிக்கை உள்ளவர்கூட மாத்திரைகளை எண்ணுவதை விட்டுவிடுவார்.

தம்பியின் மாதிரியை அவருக்குத் தெரியாமல் எடுப்பது பற்றி: அது அவருடைய உடலிலிருந்து எடுக்கும் தகவல். அவர் ஒப்புதல் இல்லாமல் எடுப்பது அறத்துக்குப் புறம்பானது; பல நாடுகளில் சட்டத்துக்கும் புறம்பானது. மரபணுத் தகவல் ஒருவரோடு நிற்பதுமில்லை. அது உங்களைப் பற்றியும், தாயாரைப் பற்றியும், பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றியும் பேசும். காப்பீட்டு நிறுவனமோ வேலை கொடுப்பவரோ அதைக் கேட்கலாமா, பயன்படுத்தலாமா என்பதற்கான சட்டப் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. சில இடங்களில் ஆயுள் காப்பீட்டுக்கு அந்தப் பாதுகாப்பே கிடையாது. தனியார் நிறுவனம் அந்தத் தரவை எத்தனை காலம் வைத்திருக்கும், யாருக்குக் கைமாற்றும் என்பதையும் நீங்கள் கட்டுப்படுத்த முடியாது. இவ்வளவையும் பணயம் வைத்து நீங்கள் பெறப்போவது, தந்தை, தம்பி இருவரின் வரலாற்றை அறிந்த ஒரு மருத்துவர் உங்களிடம் இப்போதே சொல்லக்கூடியதைவிடக் குறைவான தகவலையே.

கோடீன் ஏன் வேலை செய்யவில்லை

மரபணு உண்மையிலேயே மருத்துவருக்குக் கைகொடுக்கும் இடம் இது. கோடீன் தன்னளவில் வலு குறைந்த மருந்து. கல்லீரலில் உள்ள சிஒய்பி2டி6 என்ற நொதி அதில் ஒரு சிறு பகுதியை, பொதுவாகப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மார்பினாக மாற்றிய பிறகே வலி குறைகிறது. டிரமடாலும் பெருமளவு இதே நொதியை நம்பியிருக்கிறது. இந்த நொதிக்கான மரபணு மனிதருக்கு மனிதர் வெகுவாக வேறுபடும். சிலரிடம் அது வேலை செய்வதே இல்லை; அவர்களுக்குக் கோடீன் பலன் தராது. சிலரிடம் அதன் பிரதிகள் கூடுதலாக இருக்கும். அவர்கள் உடலில் மார்பின் திடீரென உயர்ந்துவிடும். தொண்டைச் சதை அறுவைக்குப் பின் கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிலர் மூச்சு அடங்கி இறந்த பிறகு, அத்தகைய அறுவைக்குப் பின் குழந்தைகளுக்கு அதைத் தரக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017-இல் 12 வயதுக்குட்பட்டவர்களின் வலிக்குக் கோடீனும் டிரமடாலும் கூடாது என்று விரிவாக்கியது. மரபணுவுக்கேற்ப மருந்து தருவது பற்றிய பன்னாட்டு வழிகாட்டு நெறிகளும் சிஒய்பி2டி6 முடிவைப் பார்த்துக் கோடீனையும் டிரமடாலையும் தவிர்க்கச் சொல்கின்றன. ஓபிஆர்எம்1 முடிவை வைத்து மருந்தை மாற்ற அவை எந்தப் பரிந்துரையும் செய்யவில்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் மரபணுவைத் தேடுவதற்கு முன் பார்க்க வேண்டியது வேறொன்று. நீங்கள் போகிற போக்கில் எழுதிய பராக்ஸெடின், சிஒய்பி2டி6 நொதியைப் பலமாகத் தடுக்கும் மருந்துகளில் ஒன்று. அதே வகையைச் சேர்ந்த ஃபுளுவாக்ஸெடினும் அப்படியே. பல் பிடுங்கியபோது நீங்கள் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றால், மரபணு முற்றிலும் இயல்பாக இருந்தாலும் கோடீன் உங்களுக்கு வேலை செய்யாமல் போயிருக்கும். எனவே அது நல்ல அறிகுறியும் அல்ல, கெட்ட அறிகுறியும் அல்ல. அடிமையாகும் இயல்போடு அதற்குத் தொடர்பில்லை. மார்பின் போன்ற, இந்த நொதி தேவைப்படாத மருந்துகள் உங்களிடம் வழக்கம்போலவே வேலை செய்யும். "எனக்கு ஓபியாய்டு ஏறாது" என்று நம்பி அளவைக் கூட்டிவிடாதீர்கள்.

டிரமடால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பராக்ஸெடினோடு சேரும்போது அது வலியைக் குறைக்கும் திறனை இழப்பது மட்டுமல்ல. வலிப்பு வரும் வாய்ப்பும், செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவு மீறிக் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் ஏற்படும் வாய்ப்பும் கூடுகின்றன. 'மென்மையான மருந்து' என்று பெயர் வாங்கியிருப்பதால் அதைச் சீட்டில் எழுதத் தயங்காதவர்கள் பலர். உங்கள் மயக்க மருந்து நிபுணரிடம் முதல் சந்திப்பிலேயே பராக்ஸெடின் என்று பெயரோடும் அளவோடும் சொல்லுங்கள். இதைப் படித்துவிட்டு நீங்களாகப் பராக்ஸெடினை நிறுத்திவிடவும் கூடாது; திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும், பதற்றமும் திரும்பும், அந்த நிலையில் அறுவைசிகிச்சைக்குப் போவது நல்லதல்ல.

அறுவைசிகிச்சைக்கு

ஒரு மாத்திரையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மருத்துவர் அதை மதிக்கவும் வேண்டும். ஆனால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வலி அடங்காத முழங்காலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்ய முடியாது. மூட்டு இறுகிவிட்டால் அறுவையின் பயனே போய்விடும். அடங்காத வலி நாள்பட்ட வலியாக மாறவும் வாய்ப்புண்டு. நாள்பட்ட வலியும் ஓபியாய்டுச் சிக்கலுக்கான ஒரு வழிதான்.

அமெரிக்காவில் 36,000-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், அறுவைக்குப் பிறகு மூன்று மாதம் கடந்தும் ஓபியாய்டு வாங்கியவர்கள் ஏறத்தாழ 6 சதவீதம். சிறிய அறுவையானாலும் பெரிய அறுவையானாலும் அந்த விகிதத்தில் பெரிய வேறுபாடில்லை. புகைபிடித்தல், மது மற்றும் போதைப் பொருள் சிக்கல், பதற்றம், மனச்சோர்வு, அறுவைக்கு முன்பே இருந்த வேறு வலிகள் ஆகியவையே அதனோடு சேர்ந்து போயின. உங்களுக்குப் பதற்றம் இருக்கிறது, சிகிச்சையிலும் இருக்கிறீர்கள். அதைத் தொடர்வதே ஒரு தற்காப்பு. அதே ஆண்டு வெளியான இன்னொரு அமெரிக்கப் பகுப்பாய்வு நாட்களின் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது: முதல் முறை குறைந்தது ஒரு நாளுக்காவது மருந்து பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பிறகும் ஓபியாய்டு பயன்படுத்தியவர்கள் 6 சதவீதம், எட்டு நாட்களோ அதற்கு மேலோ பெற்றவர்களில் 13.5 சதவீதம், 31 நாட்களோ அதற்கு மேலோ பெற்றவர்களில் 29.9 சதவீதம். தொடர்ந்து பயன்படுத்திய அனைவரும் அடிமைகள் அல்லர்; நீண்ட நாட்கள் மருந்து பெற்றவர்களுக்கு வலியும் கூடுதலாக இருந்திருக்கும். அப்படியிருந்தும், உங்களால் மாற்ற முடியாத மரபணுவைவிட, மாற்றக்கூடிய இந்த நாட்கணக்கில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆகவே மருத்துவரிடம் இப்படிப் பேசுங்கள். தந்தையின் மதுச் சிக்கலையும் தம்பியின் ஓபியாய்டுச் சிக்கலையும் மறைக்காமல் சொல்லுங்கள். தொடை நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, முறையான வேளைகளில் பாராசிட்டமால், பனிக்கட்டி ஒற்றடம் ஆகியவற்றை அடித்தளமாக வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஐபுபுரூஃபென் வகை மருந்துகளும் நன்கு உதவும்; ஆனால் பராக்ஸெடினோடு சேரும்போது இரைப்பையில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடுவதால், இரைப்பைப் பாதுகாப்புக்கு மருந்து வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். இவற்றுக்கும் அடங்காத வலிக்கு மட்டும், குறுகிய நேரம் வேலை செய்யும் ஓபியாய்டு ஒன்று, மிகக் குறைந்த அளவில், சில நாட்களுக்கு, முடியும் தேதி சீட்டிலேயே எழுதப்பட்டதாக இருக்கட்டும். அந்த நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. மாத்திரைகளைப் பூட்டி வைத்து, வேளைக்கு எண்ணிக் கொடுக்கும் பொறுப்பை உங்கள் கணவரிடம் விடுங்கள். மிஞ்சியதை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ திருப்பிக் கொடுங்கள். தம்பி வந்துபோகும் வீட்டில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதை அவரிடம் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், நம்பாமல் ஒளித்துவைக்கிறார்கள் என்று அவர் வருந்த மாட்டார்.

வலி குறைந்த பிறகும் மாத்திரை மனத்தை இலேசாக்குகிறது, பதற்றத்தை ஆற்றுகிறது, தூக்கம் தருகிறது என்பதற்காக அடுத்த வேளையை எதிர்பார்க்கிறீர்கள் என்றால், தேதி முடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். முதல் மாத்திரையிலேயே வழக்கத்துக்கு மாறான ஒரு நிறைவு தோன்றினாலும் அதைச் சொல்லுங்கள். எந்த ஆய்வகச் சோதனையையும்விட இந்தத் தகவல் எங்களுக்குப் பயன்படும்.

குழந்தை பற்றி

தாத்தாவுக்கும் மாமாவுக்கும் இருந்த நோய்க்காகக் குழந்தை பெறுவதைத் தவிர்க்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. கருவிலேயே இதைக் கண்டறியும் சோதனையும் இல்லை. நூற்றுக்கணக்கான சிறு மாறுபாடுகள் ஒவ்வொரு பிறப்பிலும் புதிதாகக் கலைந்து சேர்வதால், குழந்தைக்கு எது போய்ச் சேரும் என்று யாராலும் கூற இயலாது. குழந்தை வளர்ந்து பதின்ம வயதை எட்டும்போது மது, புகையிலை ஆகியவற்றின் தொடக்கம் எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு நல்லது. அந்த வயதில் குடும்ப வரலாற்றை அதனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

குழந்தைக்காக இப்போதே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அது மரபணு சார்ந்ததல்ல. கருவின் முதல் மூன்று மாதங்களில் பராக்ஸெடின் எடுப்பதற்கும் குழந்தையின் இதயக் குறைபாடுகளுக்கும் சிறிய அளவில் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் காட்டியுள்ளதால், கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்கு அதற்குப் பதில் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பதே வழக்கம். அறுவைசிகிச்சை முடிந்து, முழங்கால் தேறிய பிறகு, கருத்தரிப்பதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே உங்கள் மனநல மருத்துவரைச் சந்தித்து அந்த மாற்றத்தைப் படிப்படியாகச் செய்துகொள்ளுங்கள்.